தபால்காரர் போட்ட மார்க்

கடைசியில் வந்தவருக்கு முதல் பந்தி. அமெரிக்க ஃபுட்பாலில் ‘டிராஃப்ட்’ என்கிறார்களே, அதன் சாரம் இவ்வளவுதான். போன வருடம் ஊர் ஊராகத் தோற்று அடியில் கிடந்த அணி, கல்லூரி ஆட்டத்தை முடித்து வெளியே வரும் இளைஞர்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். அடுத்தது அதற்கு ஒரு படி மேலே இருந்த அணி. கோப்பையை வென்ற அணி கடைசியாக வந்து, மிச்சமிருப்பதில் எடுக்கும். இப்படி ஏழு ரவுண்டு. ஐபிஎல்லில் நாம் பார்க்கிற ஏலம் இங்கே கிடையாது. சொல்லப்போனால், ஏலத்தை ஒழிப்பதற்கென்றே பிறந்த ஏற்பாடு இது.

ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் லீக்கின் 32 அணிகள் சேர்ந்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பையன்களை இப்படி எடுக்கின்றன. எடுத்து முடித்த மறுநாளே மார்க் வந்துவிடும். இந்த அணிக்கு ஏ, அந்த அணிக்கு சி, பக்கத்து ஊர் அணிக்கு டி. எடுக்கப்பட்ட பையன்களில் ஒருவர்கூட இன்னும் புது அணியின் சட்டையில் ஓர் ஆட்டம் ஆடியிருக்க மாட்டார். மார்க் போடுவது பத்திரிகைக்காரர்கள் மட்டுமா? டாக்சி ஓட்டுபவர் போடுகிறார், முடிதிருத்துபவர் போடுகிறார், பத்தாவது படிக்கிற பையன் போடுகிறான். பின்னால் கிடைத்திருக்கக்கூடியவரை அவசரப்பட்டு முன்னாலேயே எடுத்துவிட்டால் அது ‘ரீச்’. எல்லாரும் விட்டுவிட்ட நல்ல ஆட்டக்காரரைப் பின்னால் அள்ளிக்கொண்டால் அது ‘ஸ்டீல்’. தேறாமல் போனவர் ‘பஸ்ட்’. இந்த மூன்று சொற்களையும் தெரிந்துகொண்டால் எந்த அமெரிக்க நகரத்திலும் மே மாதம் முழுக்கப் பேச ஆள் கிடைக்கும்.

கிளப்புக்கு ரசிகர் மார்க் போடும் இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், பாதை திரும்பத் திரும்ப ஒரே ஊரில் போய் நிற்கிறது. ஃபிலடெல்ஃபியா.

பெர்ட் பெல் அந்த ஊரின் பெரிய வீட்டுப் பிள்ளை. 1933-இல் கூட்டாளிகளோடு சேர்ந்து 2,500 டாலருக்கு ஓர் அணியின் உரிமத்தை வாங்கினார். பெரும் பொருளாதாரச் சரிவின் காலம். அரசின் மீட்புத் திட்டத்துக்கு ஒரு நீலக் கழுகு சின்னமாக இருந்தது; அதைப் பார்த்துத்தான் அணிக்கு ‘ஈகிள்ஸ்’ என்று பெயர் வைத்தார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது. கூட்டம் வரவில்லை. டிக்கெட்டைப் பெல்லே தெருவில் நின்று விற்றார்.

அந்த நாளில் கல்லூரி முடித்த ஆட்டக்காரர் தனக்குப் பிடித்த அணியில் சேரலாம். யார் கூடுதலாகக் கொடுக்கிறார்களோ அவர்களிடம் போகலாம். சிகாகோ பேர்ஸ், நியூயார்க் ஜெயன்ட்ஸ், கிரீன் பே பேக்கர்ஸ் மாதிரி நாலைந்து அணிகளுக்கு மட்டும் நல்ல ஆள் அகப்படும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பந்தை ஏந்தி ஓடும் ஃபுல்பேக் ஸ்டான் கோஸ்ட்காவை எப்படியாவது கொண்டுவந்துவிடலாம் என்று பெல் ஆசைப்பட்டார். புரூக்ளின் அணி 5,000 டாலருக்கு அவரைக் கொத்திக்கொண்டு போனது. ஓர் ஆட்டத்துக்கு நூறு, நூற்றைம்பது டாலர் வாங்கியவர்களே அதிகம் என்ற காலத்தில் அது பெரிய தொகை. அந்தத் தோல்விதான் பெல்லை யோசிக்க வைத்தது. சங்கிலியின் வலு அதன் மெலிந்த கண்ணியைப் பொறுத்தது, நான்தான் அந்தக் கண்ணி, இத்தனை மெலிவாக நான் இருந்தால் லீக்கே அறுந்துபோகும் என்பது 1935 மே மாதக் கூட்டத்தில் மற்ற உரிமையாளர்களிடம் அவர் வைத்த வாதம். பேர்ஸின் ஜார்ஜ் ஹாலஸும் ஜெயன்ட்ஸின் டிம் மாராவும் இதனால் நஷ்டப்படப் போகிறவர்கள். அவர்களும் சரி என்றார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். வென்றுகொண்டிருப்பவர்கள் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொள்ளச் சம்மதிப்பது விளையாட்டு வியாபாரத்தில் அடிக்கடி நடப்பதில்லை.

1936 பிப்ரவரி 8. ஃபிலடெல்ஃபியாவின் ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல், பெல்லின் குடும்பத்துக்குப் பங்கிருந்த ஹோட்டல். ஓர் அறை, ஒரு கரும்பலகை, அதில் சாக்பீஸால் எழுதிய தொண்ணூறு பெயர்கள். ஒன்பது அணிகள் ஒன்பது ரவுண்டில் 81 பேரை எடுத்தன. ஆட்டக்காரர்களை நேரில் பார்த்துக் கணிக்கும் ஸ்கவுட் எந்த அணியிலும் இல்லை. செய்தித்தாளில் படித்தது, தெரிந்த கோச் சொன்னது, இவ்வளவுதான் ஆதாரம். எடுக்கப்பட்ட பையன்களில் பலருக்குத் தாங்கள் எடுக்கப்பட்டதே தெரியாது. அறைக்குள் ரசிகர் என்று ஒருவரும் இல்லை. மறுநாள் மார்க் போட யாரும் காத்திருக்கவில்லை.

1935 சீசனில் கடைசி இடம் ஈகிள்ஸுக்கு. ஆகவே முதல் பந்தியும் அவர்களுக்கே. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கரை எடுத்தார் பெல். கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கியவர் அவர். பெர்வாங்கர் கேட்ட சம்பளம் பெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை. உரிமையைச் சிகாகோ பேர்ஸுக்கு மாற்றிக் கொடுத்தார். அங்கும் பேச்சு படியவில்லை. பெர்வாங்கர் தொழில்முறை ஃபுட்பால் ஒரு நாள்கூட ஆடாமல் நுரை ரப்பர் விற்கும் வேலைக்குப் போய்விட்டார். அந்த முதல் ஹைஸ்மன் கோப்பையை அவருடைய அத்தை வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்க வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு உருப்படியாக எடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் அது ஜெயன்ட்ஸ் உரிமையாளரின் 19 வயது மகன் வெலிங்டன் மாரா. வெளியூர்ச் செய்தித்தாள்களையும் பத்திரிகைகளையும் வரவழைத்து, யார் எங்கே எத்தனை கெஜம் ஓடினார் என்று குறித்து வைத்துக்கொள்வது அந்தப் பையனுக்கு வேலை. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டஃபி லீமன்ஸ் மீது அவனுக்கு ஒரு கண். தானே நேரில் போய்ப் பேசினான்; ஆட்டோகிராஃப் கேட்க வந்த சிறுவன் என்றுதான் லீமன்ஸ் முதலில் நினைத்தாராம். இரண்டாவது ரவுண்டில் லீமன்ஸை எடுக்க வைத்தான். அந்த வருடமே லீக்கில் அதிகமான கெஜம் ஓடியவர் லீமன்ஸ்தான். முதலாளி மகன் என்பதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வீட்டு மேசையில் காகிதத்தை விரித்து வைத்து ஆட்டக்காரர்களுக்கு வரிசை போடும் பழக்கத்துக்கு அவனே மூத்தவன். பேர்ஸ் அணி கடைசி ரவுண்டில் எடுத்த டான் ஃபோர்ட்மன் ஆடிக்கொண்டே மருத்துவம் படித்து டாக்டரானார். ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் பிடித்தார். முதல் தேர்வு ஆடவே இல்லை, 78-ஆவது தேர்வு சாதனையாளர். டிராஃப்ட் தன் குணத்தை முதல் நாளே காட்டிவிட்டது.

அந்தக் கரும்பலகையில் இல்லாத பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட ஆடவில்லை. எழுதிவைத்த விதி கிடையாது. எல்லா அணிகளும் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொண்டன. 1939-இல் யுசிஎல்ஏ அணிக்காக ஆடி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தவர் கென்னி வாஷிங்டன். அடுத்து நடந்த டிராஃப்டில் அவரை எந்த அணியும் தொடவில்லை. 1946-இல் கிளீவ்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த ராம்ஸ் அணி, பொது மக்களின் வரிப் பணத்தில் கட்டிய கொலிசியம் மைதானத்தை ஆடக் கேட்டது. மைதான நிர்வாகக் குழுவின் முன்னால் எழுந்து நின்றார் ஹாலி ஹார்டிங். கறுப்பினப் பத்திரிகை ஒன்றில் விளையாட்டுப் பகுதி எழுதியவர். எல்லாருடைய பணத்திலும் கட்டிய மைதானத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லையா என்று கேட்டார். சில வாரங்களில் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனை ஒப்பந்தம் செய்தது. கிளப்பின் தேர்வு தப்பு என்று வெளியாள் ஒருவர் எழுந்து சொல்லி, அந்தச் சொல் எடுபட்டது என் கணக்கில் அன்றுதான் முதல் முறை. இந்தப் பழக்கம் பிறந்த கதையின் மற்ற எல்லா அத்தியாயங்களையும்விட அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. டிராஃப்டில் ஒரு கறுப்பினத்தவர் பெயர் வாசிக்கப்பட இன்னும் மூன்று வருடம் ஆயிற்று: ஜார்ஜ் டாலியாஃபெரோ, 1949, பதிமூன்றாவது ரவுண்டு.

அதே ராம்ஸ்தான் எடி கோட்டல் என்பவரைச் சம்பளம் கொடுத்து முழுநேர ஸ்கவுட்டாக வைத்து, மற்ற அணிகளுக்கும் வழி காட்டியது. எல்லாரும் உடனே பின்பற்றவில்லை. 1956 டிராஃப்டின் முதல் தேர்வைப் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி கேரி கிளிக் என்பவருக்குக் கொடுத்தது. அவர் ஆடி அந்த அணியில் யாரும் பார்த்ததில்லை. அவருடைய கல்லூரி கோச் எழுதிய கடிதத்தை நம்பி எடுத்தார்கள். பிறகு படச்சுருளை ஓட்டிப் பார்த்தபோதுதான் ஏமாந்தது தெரிந்தது. கிளப்புக்காரர்களுக்கே இவ்வளவுதான் தெரியும் என்றால், ரசிகர் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

ரசிகருக்குத் தகவல் வேண்டும். அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் ஜோயல் புக்ஸ்பாம். நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு சின்ன அடுக்ககத்தில் வாழ்ந்தார். ஒட்டி உலர்ந்த உடம்பு, மூக்கால் பேசும் குரல். ஃபுட்பால் ஆடியவர் இல்லை, கோச்சும் இல்லை. மைதானத்துக்குப் போவதுகூட அபூர்வம். வீட்டில் வீடியோ கேசட்டை ஓட்டி ஓட்டிப் பார்ப்பார். நாடெங்கும் இருக்கிற கோச்சுகளுக்கும் ஸ்கவுட்டுகளுக்கும் ஃபோன் போடுவார். நூற்றுக்கணக்கான கல்லூரி ஆட்டக்காரர்களைப் பற்றி, ஒவ்வொருவரைப் பற்றியும் நாலே வரியில், ‘புரோ ஃபுட்பால் வீக்லி’ பத்திரிகைக்கு எழுதுவார். பாதம் எவ்வளவு வேகம், முழங்கால் எப்போது அடிபட்டது, தோற்றுக்கொண்டிருக்கும்போது எப்படி ஆடுவார், எல்லாம் அதில் இருக்கும். வானொலியில் நேயர்கள் எந்த ஆட்டக்காரரைக் கேட்டாலும் மனப்பாடமாக ஒப்பிப்பார். 2002 டிசம்பர் கடைசியில் 48 வயதில் இறந்தார். சவ அடக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் பில் பெலிச்சிக், அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் சூப்பர் பௌல் என்னும் லீக்கின் இறுதிப் போட்டியை வென்ற கோச். லீக்கில் எந்தப் பதவியும் வகிக்காத ஒருவருக்குக் கிடைத்த அந்த மரியாதையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

மற்றவர் மெல் கைப்பர். பால்டிமோர்க்காரர். பள்ளியில் படிக்கிற வயதிலேயே ஆட்டக்காரர்களைப் பற்றி அறிக்கை தயாரித்துக் கிளப்புகளிடம் காட்டிக்கொண்டிருந்தார். பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் எர்னி அகோர்சி அதைப் பார்த்துவிட்டு, இதைப் பொதுமக்களுக்கு விற்றுப்பார், வாங்கப் பசியோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று யோசனை சொன்னார். கைப்பர் அச்சடித்து விற்றார். ரசிகர் கையில் ஒரு வினாத்தாள் வந்து சேர்ந்தது.

வினாத்தாள் வந்த அதே சமயத்தில் பரீட்சை அறையின் கதவும் திறந்தது. 1979 செப்டம்பரில் தொடங்கிய இஎஸ்பிஎன், நாள் முழுக்கக் காட்ட நிகழ்ச்சி இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் செட் சிமன்ஸ், டிராஃப்டை நேரலையாகக் காட்டலாமா என்று லீக் ஆணையர் பீட் ரோசெலைக் கேட்டார். பெயர் வாசிப்பதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது ரோசெலுக்குப் புரியவில்லை. ஆனாலும் அனுமதி கொடுத்தார். 1980 ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை, நியூயார்க் ஷெரட்டன் ஹோட்டல். வேலைநாள் காலையில் ஆட்கள் பார்த்தார்கள். 1984-இல் கைப்பரும் திரைக்கு வந்துவிட்டார். 1988-இல் டிராஃப்டையே வார இறுதிக்கு மாற்றினார்கள். 1987-இல் நியூயார்க்கில் நாள் முழுக்க விளையாட்டை மட்டுமே பேசும் வானொலி தொடங்கியிருந்தது. மற்ற ஊர்களிலும் அப்படியே முளைத்தன. இப்போது ரசிகரிடம் தகவல் இருந்தது, பார்க்கக் காட்சி இருந்தது, ஃபோனை எடுத்தால் குரலும் இருந்தது.

பால்டிமோரிலிருந்து இண்டியானாபொலிஸுக்கு முன்பே இடம்பெயர்ந்திருந்த கோல்ட்ஸ் அணி, 1994-இல் ஐந்தாவது தேர்வில் டிரெவ் ஆல்பர்ட்ஸை எடுத்தது. ஆட்டத்தை முன்னின்று நடத்தும் குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபரை விட்டது பெரிய தப்பு என்று கைப்பர் நேரலையில் போட்டுத் தாக்கினார். அணியின் நிர்வாகி பில் டோபினுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கேமரா முன்னால், யார் இந்த மெல் கைப்பர், என் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தபால்காரர், அவரைவிடக் கூடுதல் தகுதி எதுவும் இவருக்கு இல்லை என்று பொரிந்து தள்ளினார்.

திட்டுவதற்காக இழுத்த அந்தத் தபால்காரரைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாள் முழுக்க வீடு வீடாக நடந்து, தோல்வியைச் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறவர் அவர். கோச் வருவார் போவார். நிர்வாகியை அடுத்த ஊரில் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். தப்பான தேர்வோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தப் போகிறவர் தபால்காரர்தான். மார்க் போட அவருக்கில்லாத தகுதி வேறு யாருக்கு இருக்கிறது? ஆல்பர்ட்ஸ் அடுத்தடுத்த காயங்களால் மூன்றே சீசனில் ஓய்வு பெற்றார். அதே டிராஃப்டில் இரண்டாவது தேர்வில் டோபின் எடுத்த மார்ஷல் ஃபாக் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆக, டோபின் முட்டாளும் இல்லை, கைப்பர் ஜோசியரும் இல்லை.

ஃபிலடெல்ஃபியாவுக்குத் திரும்பலாம். 1995 டிராஃப்டில் ஈகிள்ஸுக்குப் பன்னிரண்டாவது இடம். மைக் மமுலா என்ற இளைஞர், டிராஃப்டுக்கு முன்னால் நடக்கும் உடல்திறன் சோதனையில் ஓட்டம், தாண்டல், பளு என்று எல்லாவற்றிலும் அசத்தியிருந்தார். அவருக்காக அணி தன் பன்னிரண்டாவது இடத்தையும் கூடுதல் தேர்வுகளையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து ஏழாவது இடத்துக்கு ஏறியது. மமுலா மோசமில்லை, ஆனால் அவ்வளவுதான். கைவிட்ட அந்தப் பன்னிரண்டாவது இடத்தில் டாம்பா எடுத்தது வாரன் சாப்பை. 2003 ஜனவரியில், ஃபிலடெல்ஃபியாவின் வெட்டரன்ஸ் மைதானத்தில் நடந்த கடைசி ஃபுட்பால் ஆட்டத்தில், ஈகிள்ஸை அவர்கள் வீட்டிலேயே மடக்கிச் சூப்பர் பௌலுக்குப் போன அணியின் தூண் அதே சாப்.

1999-இல் அந்த ரசிகர்கள் ஏன் அப்படி நடந்துகொண்டார்கள் என்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். முந்தைய சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. இரண்டாவது தேர்வு கையில். ஹைஸ்மன் வென்ற டெக்சஸ் ஓட்டக்காரர் ரிக்கி வில்லியம்ஸ் வேண்டும் என்று ஊரே கேட்டது. மேயர் எட் ரெண்டலும் அந்தப் பக்கம் நின்றார். உள்ளூர் வானொலியின் ஏஞ்சலோ கட்டால்டி சுமார் முப்பது ரசிகர்களைப் பஸ்ஸில் ஏற்றி நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கே அழைத்துப் போனார். புது கோச் ஆண்டி ரீட் எடுத்தது டானவன் மெக்நாப் என்ற குவார்ட்டர்பேக்கை. பெயர் ஒலித்ததும் ‘பூ’ என்று எழுந்த கூச்சல் அரங்கையே நிறைத்தது. இருபத்திரண்டு வயதுப் பையன், நல்ல உடுப்பில், வாழ்க்கையின் பெருநாளில், அதைக் கேட்டபடி மேடைக்கு நடந்து வந்தான்.

அது அந்தப் பையனுக்குச் செய்த அநியாயம். இதில் ரசிகர் பக்கம் பேச என்னால் முடியாது. கேள்வி கேட்க வேண்டியது கிளப்பை. அடி வாங்கியது பிள்ளை. ஆனால் சூடு கண்ட பூனைகளின் பயமும் அந்தக் கூச்சலில் இருந்தது. மெக்நாப் அந்த அணியை ஐந்து முறை லீக்கின் அரையிறுதிக்கும் ஒருமுறை சூப்பர் பௌலுக்கும் கொண்டுபோனார். வில்லியம்ஸுக்காக நியூ ஆர்லியன்ஸ் அணி அந்த ஆண்டின் தன் தேர்வுகள் அத்தனையையும், மறு ஆண்டின் இரண்டு தேர்வுகளையும் கொட்டிக் கொடுத்தது. அந்தச் சீசன் முடிந்ததும் அதன் கோச்சுக்கு வேலை போயிற்று. ஹைஸ்மன் வென்றவரை எடுக்கும் வாய்ப்பு 1936-இல் இந்த ஊருக்கு என்ன கொடுத்தது என்று அன்று பஸ்ஸில் இருந்த யாருக்காவது நினைவிருந்திருக்குமா?

ரசிகர் தப்பு செய்தால் நிபுணர் சரி என்று ஆகிவிடாது. கேட் மாசியும், பின்னாளில் நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலரும் டிராஃப்டை வருடக்கணக்கில் எடுத்து ஆராய்ந்தார்கள். மைதானத்தில் ஒரே இடத்தில் ஆட அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவரே நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டுகிறது. ஏறக்குறைய காசைச் சுண்டுவது மாதிரி. பின்னாளில் பெரும் புகழ் பெற்ற குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000-இல் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். 198 முறை, அவரை எடுத்த அணியும் சேர்ந்து, எல்லாரும் அவரைத் தாண்டிப் போயிருந்தார்கள்.

2010-இல் ஈகிள்ஸ் பதிமூன்றாவது இடத்துக்கு ஏறி வந்து பிராண்டன் கிரஹாமை எடுத்தது. அடுத்த இடத்தில் சியாட்டில் எடுத்த எர்ல் தாமஸ் வேண்டும் என்றவர்கள் ஊரில் ஏராளம். தாமஸ் உச்சத்துக்குப் போனார். கிரஹாமுக்கு முதல் வருடமே முழங்கால் போயிற்று. ‘பஸ்ட்’ என்ற முத்திரை வருடக்கணக்கில் அவர் முதுகில் ஒட்டியிருந்தது. 2017-இல் டிராஃப்டே ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது; ஹோட்டல் அறையில் இல்லை, கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டில், திறந்த வெளியில், மூன்று நாளில் இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில். ஈகிள்ஸ் பதினான்காவது தேர்வில் டெரக் பார்னெட்டை எடுத்தது. அன்றைக்கும் கூட்டம் மார்க் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஒன்பது மாதம் கழித்து, 2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். சூப்பர் பௌல். எதிரணி நியூ இங்கிலாந்து. ஈகிள்ஸ் 38, எதிரணி 33. இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சம். பந்து அந்த அணியின் டாம் பிரேடி கையில். இப்படிப்பட்ட நிமிடங்களில் அவர் தோற்பது அரிது. உள்ளே புகுந்த கிரஹாம் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டார். அது தரையில் விழுந்து துள்ளியது. முதலில் போய் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டவர் பார்னெட்.